ஒப்படையை யாரிடம் ஒப்படைப்பது?

மட்டக்களப்பில் ஒளிப்படக் கற்கைநெறியை நடத்தும் ஆசிரியர்களுக்கும், எங்கள் படங்களுக்குப் புள்ளியிடும் மதிப்பீட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

இது புள்ளி கேட்டு எழுதும் மடல் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "புள்ளி குறைந்த பிள்ளை புலம்புகிறாள்" என்று இரண்டாம் பந்தியிலேயே மடித்து வைத்துவிடுவீர்கள். இறுதி ஒப்படைக்குப் புள்ளி குறைந்தது உண்மைதான். கொஞ்சம் புலம்பவும் செய்வேன். ஆனால் மறுமதிப்பீட்டுக்கான படிவம் இன்னமும் வெறுமையாக என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதை நிரப்பப் போவதில்லை. அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கவிருக்கும் ஒப்படைத் தாளில் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அந்த இரண்டு வரி எவை என்று சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் அரையாண்டில் "உள்ளூர்த் தொழில்" என்ற தலைப்பில் பத்துப் படங்கள் கேட்டீர்கள். வகுப்பில் பாதிப் பேர் கல்லடிப் பாலத்தடிக்குப் போனார்கள். வீச்சுவலை வட்டமாக விரியும் அந்த நொடி, பின்னால் செக்கச் சிவந்த சூரியன்: எங்கள் கற்கைநெறியில் அந்தப் படத்தை எடுக்காதவர் எவரும் இருக்கமாட்டார்கள். அங்கே வலை வீசும் ஐயா ஒருவர் கமராவோடு யாரையும் கண்டால் தாமாகவே கேட்பாராம், "இன்றைக்கு எத்தனை தரம் வீச வேண்டும்?" என்று. நான் கூட்டத்தோடு போகாமல் வாவிக்கு அப்பால் இருக்கும் படுவான்கரைப் பக்கம் போனேன். குருக்கள்மடத்தில் பாதையில் ஏறி அம்பிளாந்துறையில் இறங்கினேன். (வெளியூர் வாசகருக்கு ஒரு சொல்: வாவியைக் கடத்திவிடும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் "பாதை" என்றே பெயர்.)

இறங்கி உள்ளே கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு வளவு. திண்ணையில் ஒரு மாமி பன்பாய் (பன் என்ற புல்லால் செய்யும் பாய்) இழைத்துக்கொண்டிருந்தார். காலை எட்டரை மணி வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. விரல்களில் சாயம் ஏறியிருந்தது. நகக்கண்ணில் கழுவினாலும் போகாத சிவப்பு. பெருவிரலால் ஒரு பன்னை அமுக்கிச் சுட்டுவிரலால் அடுத்ததைத் தூக்கி, கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கக் கை மட்டும் தன்பாட்டில் ஓடியது. "படம் எடுக்கட்டுமா மாமி?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். 50 மில்லிமீற்றர் லென்ஸ், அதன் ஒளித்துளை f/2. விரல்களில் கூர்மை, முகத்தின் பாதி கதவு நிழலுக்குள். ஏறக்குறைய நாற்பது படம் எடுத்திருப்பேன். வாழைப்பழம் இரண்டு தந்து அனுப்பினார்.

அந்த ஒப்படைக்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான். நகரத்தில் நடந்த கண்காட்சியிலும் அந்தப் படத்தை நுழைவாயிலுக்கு நேரே மாட்டினீர்கள். கீழே ஓர் அட்டை: என் பெயர், லென்ஸ், துளை, ஷட்டர் வேகம், "விரல்களின் மௌனம்" என்று ஒரு தலைப்பு. தலைப்பு நானே வைத்தது. அப்போது எனக்கு இருபத்தொரு வயது, மன்னித்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். வெள்ளைச் சீருடையில் ஒரு சிறுமி அந்தப் படத்தின் முன்னால் நின்று நகரவே இல்லை. படம் பிடித்துப்போய்விட்டது என்று எண்ணிப் பக்கத்தில் போனேன். "இது எங்கள் அம்மம்மா" என்றாள். பிறகு அட்டையைப் படித்துவிட்டு, "இதில் உங்கள் பெயர் இருக்கிறது, கமராவின் பெயரும் இருக்கிறது. அம்மம்மாவின் பெயர் எங்கே?" என்று கேட்டாள். எனக்குப் பெயர் தெரியாது. மாமி என்று கூப்பிட்டேன், மாமி என்றே விட்டுவிட்டேன். நாற்பது படம் எடுக்க நேரம் இருந்தவளுக்குப் பெயர் கேட்க நேரம் இருக்கவில்லை. அந்தச் சிறுமிதான் சொல்லித் தந்தாள்.

(அந்தப் பெயரை இங்கேயும் எழுதவில்லை. மாமியிடம் கேட்டேன். "புள்ளி போடுகிறவர்களுக்கு எழுதும் கடிதத்தில் என் பெயர் எதற்கு?" என்றார். நியாயம்தான்.)

அடுத்த கிழமை பெரிய பிரிண்ட் ஒன்று போட்டு, மண்ணிறத் தாளில் சுற்றி எடுத்துப் போனேன். மாமி கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வாங்கினார். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். போதாமல், உள்ளேயிருந்து கண்ணாடியை எடுத்து வரச் சொல்லிப் போட்டுக்கொண்டு பார்த்தார். கடைசியில் நிழல் விழுந்த பக்கத்தைப் பெருவிரலால் மெல்லத் தேய்த்தார், தூசு படிந்திருக்கிறதோ என்று பார்ப்பது போல.

"கை என்னுடையதுதான். முகம் எங்கே?"

நான் ஒளியும் நிழலும் பற்றி விளக்கத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீ எடுக்கப் போகிறாய் என்று சொல்லியிருந்தால் சேலை மாற்றியிருப்பேனே மகள்." கேட்டேனே மாமி, நீங்கள் தலையாட்டினீர்களே என்றேன். அவர் தலையாட்டியது, "சரி, எடுக்கலாம், எழும்பி ஆயத்தமாகிறேன், நேரம் வந்ததும் சொல்" என்ற பொருளில். நான் எடுத்துக்கொண்டது, "இப்படியே எடு" என்ற பொருளில். அவர் அன்று முழுவதும் நான் படம் எடுக்கத் தொடங்குவேன் என்று காத்திருந்திருக்கிறார். நான் எடுத்து முடித்து வாழைப்பழத்தோடு போய்விட்டேன். இந்த இடைவெளியைப் பற்றி மூன்றாண்டுப் பாடத்தில் ஒரு மணி நேரமாவது பேசியிருக்கலாம்.

அன்று அவர் எனக்குப் படம் எடுக்கக் கற்றுத் தந்தார். முகம் கழுவி, திருநீறு பூசி, பச்சைக்கரைச் சேலை கட்டி வந்தார். பேரப்பிள்ளையை விட்டு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவரச் செய்தார். முடித்து வைத்திருந்த பெரிய பாயை எடுத்துச் சுவரில் இரண்டு ஆணியில் தொங்கவிட்டார். "இது என் வேலை. இது பின்னால் இருக்கட்டும்." கதிரையில் நிமிர்ந்து இருந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, கமராவை நேராகப் பார்த்தார். நான் கிட்டே போனதும் தடுத்தார். "காலும் தெரிய வேண்டும். காலை வெட்டிவிடாதே."

ஆசிரியர்களே, அந்தப் பாயைத் தொங்கவிட்ட கணத்தில் என் மனதுக்குள் வந்து நின்றவர் நீங்கள் பாடத்தில் சொல்லாத ஒருவர். மாலி நாட்டின் பமாக்கோ நகரில் 1948இல் ஸ்டூடியோ திறந்த செய்டூ கெய்தா. அவர் முதலில் தொங்கவிட்ட பின்திரை அவருடைய சொந்தக் கட்டில் விரிப்பு. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சீலையை மாற்றினார். பிற்காலத்தில் பழைய படங்களை நீட்டினால், பின்னால் எந்தச் சீலை என்று பார்த்தே எடுத்த காலத்தைச் சொல்வாராம். வருகிறவர்கள் விரும்பிய உடுப்போடு வந்தார்கள், கைக்கடிகாரமும் வானொலியும் ஸ்டூடியோவிலேயே இருந்தன, ஆளுக்குத் தக்கபடி உட்காரவைத்தார், காசு வாங்கினார், பிரிண்ட்டைக் கொடுத்து அனுப்பினார். நம் ஊர் ஸ்டூடியோக்காரர் செய்த அதே வேலை. 1991இல் நியூயோர்க்கில் அவருடைய படங்கள் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, எடுத்தவர் பெயர் தெரியாது என்றே அட்டையில் இருந்தது. என் கண்காட்சியில் படத்தில் இருந்தவருக்குப் பெயர் இல்லை, நியூயோர்க்கில் படம் எடுத்தவருக்கே இல்லை. கெய்தா அப்போது உயிரோடு பமாக்கோவில்தான் இருந்தார்.

நீங்கள் கற்றுத் தந்தவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. முதலாம் அரையாண்டில் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸோனைக் காட்டினீர்கள். 1932இல் பரிஸில், சென் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் அந்த மனிதர்; குதிகால் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முந்திய நொடி. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவர் தன் லைக்கா கமராவின் பளபளப்பு தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டினார் என்று சொன்னீர்கள். மறுநாளே கடையில் டேப் வாங்கி என் கமராவிலும் ஒட்டினேன், அதில் பளபளக்க ஒன்றும் இருக்கவில்லை என்றாலும். "தீர்க்கமான கணம்" என்ற சொல்லை மூன்றாண்டாக மந்திரம் போலச் சொன்னோம். ஆனால் அது 1952இல் வந்த அவருடைய புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பு. பிரெஞ்சுத் தலைப்பில் இருக்கிற சொல், உரிமம் இல்லாத நடைபாதை வியாபாரி பொலிஸைக் கண்டு சுருட்டிக்கொண்டு ஓடுகிறானே, அந்த அவசரத்துக்கும் களவுக்கும் சொல்லும் சொல். இதை நான் பின்னர்தான் தேடி அறிந்தேன். எடுத்துக்கொண்டு ஓடுவது என்ற பொருள் அந்தக் கலையின் பெயரிலேயே ஒட்டியிருந்திருக்கிறது. எங்களுக்கு அதன் கம்பீரமான பாதியை மட்டும் தந்தீர்கள்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டொரொத்தியா லாங் விடயத்திலும் இதுதான். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் எடுத்த தாயின் படத்தைத் திரையில் போட்டு, முக்கோண அமைப்பு, கையின் நிலை, பிள்ளைகள் முகம் திருப்பியிருப்பது எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினீர்கள். லாங் அப்போது வேலை செய்தது அமெரிக்க அரசின் மீள்குடியேற்ற நிர்வாகத்தில். மீள்குடியேற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் வகுப்பில் நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அந்தத் தாயின் பெயரையோ கதையையோ தான் கேட்கவில்லை, வயதை அந்தத் தாய் சொன்னார் என்று லாங் பிற்காலத்தில் தாமே எழுதினார். வயது 32. படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு உணவு அனுப்பினார்கள். அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டது. 1978இல்தான் ஒரு செய்தியாளர் அவரைக் கண்டுபிடித்தார். புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன், செரோக்கி பழங்குடிப் பெண். படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்றார். பிரதி ஒன்று அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அனுப்பவே இல்லை என்றும் சொன்னார்.

லாங் பக்கத்து நியாயமும் இருக்கிறது. அரசாங்க வேலையாக எடுத்த படம், அவருக்கும் அதிலிருந்து தனியாகக் காசு வரவில்லை. வேறு இடங்களில் அவர் மனிதர்கள் சொன்னதைச் சொன்னபடியே குறித்து வைத்தவர். அன்றைக்குக் களைத்துப்போயிருந்தார், அவசரமாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார். எனக்கும் அன்றைக்குத் திரும்பும் பாதையைப் பிடிக்கும் அவசரம் இருந்தது. அதனால்தான் தொம்சன் சொன்ன அந்த ஒரு பிரதி என் தொண்டைக்குள் நிற்கிறது.

இன்னும் கிட்ட வருகிறேன். ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்தவர், 1879இல் இங்கேயே இறந்தவர், பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டவர். உலக ஒளிப்பட வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒன்று நம் நாட்டு மண்ணுக்குள் இருக்கிறது என்பதை எங்கள் பாடத்தில் யாரும் சொல்லவில்லை, நானே படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்கெல்லாம் பெயர் உண்டு: டெனிசன், டார்வின், ஹெர்ஷல். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரைக்கூட இன்று எவரும் சொல்லிவிடலாம். களுத்துறையிலும் மலைநாட்டிலும் அவர் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. "இலங்கைப் பெண்", "தோட்டத் தொழிலாளர்", அவ்வளவுதான். ஓவியர் மரியான் நோர்த் களுத்துறைக்கு வந்து தங்கியபோது கண்டதை எழுதியிருக்கிறார்: கெமரனுக்கு ஒரு மனிதரின் முதுகு மிகவும் பிடித்துப்போய், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டில் தோட்டமே இல்லை. சிரிப்பு வருகிற கதைதான். அந்த முதுகுக்கு முன்பக்கம் ஒரு முகம் இருந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு பாதியில் நிற்கிறது.

நம் நாட்டு ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட்டை ஒரே ஒரு ஸ்லைடில் கடந்துபோனீர்கள். அது என் பெரிய மனக்குறை. அமெரிக்கர் அன்சல் அடம்ஸின் மண்டல முறைக்கு (கறுப்பிலிருந்து வெள்ளை வரை வெளிச்சத்தைப் படிகளாகப் பிரித்து அளக்கும் முறை) இரண்டு கிழமை கொடுத்தீர்கள். நல்ல முறைதான், பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் வெள்ளைக்காரத் தோலுக்கு 6ஆம் மண்டலம் என்று எழுதியிருப்பதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து மாமியின் கையை அளந்தால், பாய் இழைக்கும் கை சுண்ணாம்பு பூசியது போல வரும். பழுப்புத் தோலில் வெளிச்சம் எப்படி வழுக்கும், வியர்வையில் எப்படி நிற்கும் என்று அறிய 1944இல் இறந்துபோன வென்ட்டின் பிரிண்ட்களைப் பார்க்க வேண்டும். பிரிண்ட்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். அவர் மறைந்த பிறகு நெகடிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இன்று நமக்கு வென்ட் என்று எஞ்சியிருப்பது அவர் வாழ்ந்த காலத்தில் தாளில் போட்டு வைத்தவை.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு நாவலடியில் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு இரண்டு வயது. அம்மாவின் கல்யாண அல்பம், அப்பா பாடசாலையில் வாங்கிய பரிசுப் படங்கள், நான் பிறந்த வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் கடல் கொண்டுபோயிற்று. அலுமாரிக்குள் மிஞ்சிய ஓர் அல்பத்தை அப்பா வெயிலில் விரித்தாராம். உப்புத் தண்ணீரில் ஊறிப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் சாயம் உரிந்து மஞ்சளும் சிவப்பும்தான் வந்தன. இன்று என் குழந்தைப் பருவத்துக்கு ஒரே ஒரு படம் இருக்கிறது. செங்கலடியில் இருக்கும் பெரியம்மாவுக்கு அம்மா கொடுத்து வைத்த பிரதி. பின்புறத்தில் நீலப் பேனையில் என் பெயர், பிறந்த திகதி, "பல் முளைத்துவிட்டது" என்று அம்மாவின் கையெழுத்து. படத்தில் நான் கொஞ்சம் மங்கல், ஆடிவிட்டேன். ஸ்டூடியோக்காரர் புள்ளி இழந்திருப்பார். எங்கள் வீட்டில் அதற்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம்.

காந்தி பூங்காப் பக்கம் போகும்போது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் கையில் ஏந்தி நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நானும் பல தரம் கமராவோடு போயிருக்கிறேன். அம்மாவின் கண்ணீரைக் கூர்மையாக்கி, கையில் இருக்கும் படத்தை மங்கலாக விடும்படி எங்களுக்குப் பயிற்சி. ஒரு நாள் கமராவை இறக்கிவிட்டு, அந்தப் படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்று அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது, முகம் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது. ஒன்று பாடசாலைக் குழுப் படத்திலிருந்து எடுத்தது. இன்னொன்று யாருடைய கல்யாண வீட்டிலோ எடுத்த படத்திலிருந்து வெட்டியது. பையன் சிரிக்கிறான். அவன் இடது தோளில் வேறொருவருடைய கை இருக்கிறது. கைக்கு உரியவரை வெட்டியாயிற்று, நான்கு விரலை வெட்ட முடியவில்லை. அந்த அம்மா அந்தப் படத்தைத்தான் விசாரணைக்கும் கோயிலுக்கும் கொழும்புக்கும் கொண்டு திரிகிறார். அதில் தருணமும் இல்லை, அமைப்பும் இல்லை. முகம் இருக்கிறது. படம் யாருடையதோ அவருடைய வீட்டில் அது இருந்திருக்கிறது. எங்கள் வன்தட்டுகளில் எத்தனை ஆயிரம் முகம் கிடக்கிறது, அவர்களுடைய வீட்டில் ஒன்றாவது இருக்கிறதா என்று அன்றைக்கு யோசித்தேன்.

இந்த யோசனையோடுதான் இறுதி ஒப்படையைச் செய்தேன். பன்னிரண்டு பேர். எங்கே, எந்த உடுப்பில், எப்படி நிற்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். என் வேலை வெளிச்சம் பார்ப்பது, காலை வெட்டாமல் இருப்பது. கூத்து அண்ணாவியார் ஒருவர் இருக்கிறார். வருகிற கமராவெல்லாம் அவரை வேடத்தோடும் கிரீடத்தோடும்தான் எடுத்திருக்கிறது. அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டு, கைக்கடிகாரம் தெரிய மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முச்சக்கர வண்டிக்காரத் தம்பி வண்டிக் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றார், வண்டி இலக்கமும் விழ வேண்டும் என்றார். காத்தான்குடியில் தையல் செய்யும் ராத்தா ஒருவர் முகம் வேண்டாம் என்றார். தையல் மெஷினும் தைத்து முடித்த சட்டையும் போதும், அது தன் படம்தான் என்றார். மாமி முகம் கேட்டார், ராத்தா முகம் வேண்டாம் என்றார். இரண்டையும் நான் வெளியிலிருந்து ஊகித்திருக்க முடியாது. கேட்டதால் தெரிந்தது.

மதிப்பீட்டுத் தாளில் நீங்கள் எழுதிய வரி: "ஸ்டூடியோப் பாணி. தருணம் தவறிவிட்டது."

நேர்முகத்தில் உங்களில் ஒருவர் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார், இது சமூக சேவை, கலை இல்லை என்று. அன்றைக்குப் பதில் வரவில்லை, வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வந்தது. மில்டன் ரொகோவின் என்று ஒருவர். அமெரிக்காவின் பஃபலோ நகரில் கண்ணாடிக் கடை வைத்திருந்த கண் பரிசோதகர். 1957இல் கம்யூனிஸ்ட் என்று அரசாங்க விசாரணைக்கு இழுக்கப்பட்டு, தொழில் படுத்துப்போய், கமராவைக் கையில் எடுத்தார். 1972இல் தொடங்கித் தன் கடைக்குப் பக்கத்து ஏழைத் தெருக்களில் மனிதர்களை அவர்கள் விரும்பியபடி நிற்கவைத்துப் படம் எடுத்தார். பிரிண்ட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தார். எண்பதுகளில் அதே வீடுகளுக்குப் போனார், தொண்ணூறுகளில் போனார், இரண்டாயிரத்துக்குப் பிறகும் போனார். ஒரே ஆள் இளைஞனாக, தகப்பனாக, தாத்தாவாக, பக்கத்தில் பக்கத்தில். 2011இல் 101 வயதில் இறந்தார். பிரிண்ட் கொடுத்ததால்தான் அடுத்த தரம் கதவு திறந்தது. இதைக் கலை என்பதா சேவை என்பதா என்று நீங்கள் வகைப்படுத்திக்கொள்ளுங்கள்.

சொல்லிவிட்டு எடுத்தால் இயல்பு கெட்டுவிடும் என்றும் சொன்னீர்கள். எந்த இயல்பு? மாமி பாய் இழைப்பது மாமியின் இயல்பு. படம் என்றதும் சேலை மாற்றி நிமிர்ந்து உட்காருவதும் மாமியின் இயல்புதான். இரண்டாவதைப் பார்க்க எங்களுக்குப் பயிற்சி இல்லை, அதனால் அது செயற்கையாகத் தெரிகிறது. இதற்காக முதல் படத்தைக் கிழித்துப் போடவும் நான் தயாரில்லை. நிழலுக்குள் போன அந்த முகமும் சாயம் ஏறிய விரலும் என் அறையில்தான் தொங்குகின்றன. அது என் படம். மாமி வீட்டில் தொங்குவது மாமியின் படம். தெருவிலும் ஆர்ப்பாட்டத்திலும் எல்லோருக்கும் பிரிண்ட் கொடுக்க முடியாது என்பதும் தெரியும். பரிஸில் குதித்த மனிதரை யார் துரத்திப் பிடித்திருக்க முடியும்? ஆனால் மாமி ஓடவில்லை. திண்ணையில்தான் இருந்தார், வாழைப்பழத்தோடு.

இனி அந்த இரண்டு வரி. ஆளைக் கிட்டே போய் எடுக்கும் ஒப்படை எதுவானாலும், அவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் அவர் பெயரும் அட்டையில் இருக்க வேண்டும். அவர் விரும்பிய விதத்தில் ஒரு படமாவது எடுத்து, பிரிண்ட் போட்டு, அவர் கையில் கொடுத்த பிறகே ஒப்படை உங்களிடம் வர வேண்டும். சின்ன பிரிண்ட் ஒன்றுக்கு ஆகும் செலவு ஒரு பிளேன்டீயும் வடையும்தான்; அதுவும் இல்லாத பிள்ளைக்குத் திணைக்களம் போட்டுக் கொடுக்கலாம், கண்காட்சித் திறப்பு விழா மாலைகளில் இரண்டைக் குறைத்தால் வகுப்புக்கே காணும். ஒப்படை என்ற சொல்லை நாம் தினமும் சொல்கிறோம். மூன்றாண்டில் நான் பதினான்கு ஒப்படை செய்திருக்கிறேன், பதின்மூன்றை உங்களிடம் மட்டும் ஒப்படைத்தேன்.

இன்னொன்று, இது கோரிக்கையில் சேராது, ஆசை. நகரத்துப் பழைய ஸ்டூடியோக்களில் மூடியவை போக மிஞ்சியிருப்பவற்றில் நெகடிவ் பெட்டிகள் இருக்கின்றன. கறையான் தின்றது போக, வெள்ளி மங்கினது போக, இன்னும் இருக்கின்றன. அடுத்த ஆண்டு ஒரு கிழமை எங்களைக் கல்லடிப் பாலத்துக்கு அனுப்பாமல், அந்த ஐயாமாரிடம் அனுப்புங்கள். பின்திரையில் தாமரைத் தடாகம் வரைந்த கை யாருடையது, ரீட்டச்சிங் பென்சிலால் அம்மைத் தழும்பை எப்படி மறைத்தார்கள், ஆளுக்குச் சிரிப்பு வராவிட்டால் என்ன சொல்லிச் சிரிக்கவைத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கெய்தாவை பமாக்கோவில் தேடியவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. எங்களுக்குப் பஸ் டிக்கெட் போதும்.

வருகிற சனிக்கிழமை மீதி மூன்று பிரிண்ட்களைக் கொடுக்கப் படுவான்கரைக்குப் போகிறேன். போன கிழமை போனபோது, புள்ளி குறைந்த கதையை மாமியிடம் சொன்னேன். கவலைப்படவில்லை. உள்ளே மாட்டியிருந்த படத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "உன் ஆசிரியர்களுக்குக் கொடுத்த பிரதியில் கால் விழுந்திருந்ததா?" என்று கேட்டார்.

விழுந்திருந்தது மாமி என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் இறுதியாண்டு மாணவி ஒருத்தி,
மட்டக்களப்பு.